பந்தலில் சிரித்தவர்கள்

"கேசட்டக் குடுத்துருங்க மதினி. மல்லுக்கு நிக்காதீக."

சம்பந்தி இருளப்பசாமி சங்கரம்மாள் வீட்டு நடுவாசலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற இருவரும் பரளச்சி ஊருக்குப் புதியவர்கள்.

சங்கரம்மாளின் மகள் பிருந்தா புகுந்த வீட்டில் ஸ்டவ் வெடித்துச் செத்து இருபது நாள். கல்யாணமாகிப் பத்து மாதம். மறுநாள் காலை ஆர்.டி.ஓ. விசாரணை. சீர் என்று எதுவும் கேட்கவுமில்லை, வாங்கவுமில்லை என இருளப்பசாமி எழுதிக் கொடுத்திருந்தார். சாட்சிக்குத் தெருவில் ஒருவரும் வரவில்லை. "நாங்க என்னத்தக் கண்டோம்?" என்றார்கள்.

கேசட்டில் இருந்தது கல்யாண வீடியோ; எடுக்கச் சொன்னவரே இருளப்பசாமிதான். சீரை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, மைக்கில் பேர் சொல்லி எடுக்க வைத்தார்.

"தாரேன் அண்ணே. எம்புள்ளய ஒருதடவ பாத்துக்கிறேன்" என்றாள் சங்கரம்மாள்.

மாதர் சங்கத்துத் தங்கச்செல்வி திருச்சுழியிலிருந்து வாடகை டிவியும் கேசட் போடும் டெக்கும் கொண்டுவந்திருந்தாள். படம் என்றதும் தெரு முழுக்க வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் இருளப்பசாமியால் எதுவும் செய்ய முடியவில்லை.

திரையில் பிருந்தா தலைகுனிந்து நின்றாள். பீரோ வந்தது. கட்டில் வந்தது. மைக்கைப் பிடித்தபடி இருளப்பசாமி வந்தார்.

"எல்லாம் வந்துருச்சு. பைக்கு மட்டும் ஆடிக்குள்ள வந்துரணும். வரலேன்னா பொண்ண பஸ்ஸுல ஏத்தி அனுப்பிருவேன், ஆமா!"

கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. பந்தலே சிரித்தது. கடைக்கார முனீஸ்வரன் தொடையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அருகில், வாயெல்லாம் பல்லாகச் சங்கரம்மாள்.

முற்றத்தில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரன் தரையைப் பார்த்தார்.

"அது வெளையாட்டுப் பேச்சுல்ல?" என்றார் இருளப்பசாமி. புதியவர்கள் இருவரும் வாசல் கதவைச் சாத்தினார்கள். அவர் டெக்கை நோக்கி நடந்தார்.

ஒச்சம்மாள் நகர்ந்து டெக்கை மறித்து உட்கார்ந்தாள்.

"தள்ளும்மா."

"நீங்க தள்ளுங்க அண்ணாச்சி. மறைக்குது."

தங்கச்செல்வியின் கை டெக்கின் பொத்தானுக்குப் போனது. "நிறுத்தவா அத்தை?"

"நிறுத்தாத. பின்னுக்கு ஓட்டி மறுபடி போடு. அவுகவுக மொகத்த அவுகவுக பாக்கட்டும்."

சங்கரம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்குச் சாட்சிக்குப் பேரு எழுதுறப்ப, மொதப் பேரா எம்பேர எழுதிக்கிருங்க. நானும்தான சிரிச்சேன்."