நாத்தனார் கொண்டுவந்த பவளம்

என் நாத்தனார் வாளியோடு வந்து இறங்கிய அன்று எனக்குக் காய்ச்சல். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

வாளியில் உப்புத் தண்ணீர், அதற்குள் மூன்று பவளத் துண்டுகள். அவள் வீட்டு மீன்தொட்டியில் ஹீட்டர் அணையாமல் போய், தொட்டியே வெந்துவிட்டிருந்தது. மீன்கள் போய்விட்டன. பிழைத்த மூன்று துண்டுகளும் நிறம் இழந்து சுண்ணாம்புக் கட்டி போலக் கிடந்தன. நீதான் காப்பாற்றவேண்டும் என்று அண்ணனிடம் அழுதாள். வயது முப்பத்தைந்து ஆகிறது, என் வீட்டுக்காரருக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

அவர் லிப்ட் மெக்கானிக். எங்கள் ஹாலில் ஒரு உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர். காலையில் எனக்குக் காய்ச்சல் என்றபோது மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவர், சாயங்காலம் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மறுநாளைக்கு லீவு சொன்னார்.

வெளுத்த பவளத்துக்கு அதிக வெளிச்சம் ஆகாதாம். ஹாலில் திரையை இழுத்து மூடினார். தொட்டி விளக்குக்குக் குறுக்கே என் துப்பட்டாவை இரண்டாக மடித்துக் கட்டினார், என்னைக் கேட்கவில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு வட்டச் சில்லின்மேல் ஒட்டியிருந்தது. அவற்றைப் பாறையை விட்டுத் தள்ளி, மணலின்மேல் வைத்தார். பாறையில் எங்கள் பவளங்கள் ஏற்கெனவே இருந்தன. நெருங்கி வைத்தால் அவை புதியவற்றைத் தேள் போலக் கொட்டிவிடுமாம்.

"பக்கத்துல புதுசா யாராவது வந்தா அதுங்களுக்குப் பிடிக்காது" என்றார்.

அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அதன்பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் தங்கைக்குப் போன். ஓரத்தில் கொஞ்சம் விரிந்தது, இன்று மூடிக்கொண்டது என்று ஒவ்வொன்றாக ஒப்பிப்பார். எனக்குக் காய்ச்சல் விட்டதை நானாகத்தான் அவரிடம் சொல்லவேண்டியிருந்தது.

இரண்டு துண்டுகள் பாசி படிந்து செத்தன. ஒன்று மிஞ்சியது, தகடு போலப் படர்ந்து வளரும் வகை. அந்த நேரத்தில் வெளியூரில் புதிதாகக் கட்டிய ஒரு ஆஸ்பத்திரியில் லிப்ட் மாட்ட அவரை அனுப்பினார்கள். திரும்பப் பல மாதம் ஆகும். தொட்டியை என்னிடம் ஒப்படைத்தபோது, மோட்டாரை நிறுத்திவிட்டு, தூள் தீனியைக் கரைத்து, சிரிஞ்சால் பவளத்தின்மேல் மெதுவாக விடவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

"உன்னால முடியுமா?"

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். கைக்குழந்தையின் நரம்பைத் தடவிக் கண்டுபிடிக்கிறவளிடம் சிரிஞ்சைக் காட்டிக் கேட்கிற கேள்வி இது. பார்க்கலாம் என்றேன்.

அண்ணி கையில் செத்துப்போயிற்று என்று பேர் வரக்கூடாதென்றுதான் ஆரம்பத்தில் ஒழுங்காகச் செய்தேன். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றினேன். உப்பு வற்றுவதில்லை என்பது அவர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை, சமைக்கிறவளுக்குத் தெரியாதா? ஒரே தொல்லை, தொட்டியில் இருந்த நத்தை. தினமும் வந்து சில்லைக் குப்புறத் தள்ளிவிட்டுப் போகும். ஒருநாள் எரிச்சலில், பாறையில் எதுவும் வளராத ஓர் இடுக்கில் சில்லைச் செருகிவைத்துவிட்டேன்.

அந்த இடுக்கில்தான் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், வெள்ளையின் ஓரத்தில் பச்சை தெரிந்தது. பாசி என்று நினைத்தேன். தீனி விட்டதும் அந்தப் பச்சையிலிருந்து கடுகளவு வாய்கள் விரிந்தன. பஸ்ஸை விட்டேன்.

வேலையிடத்தில் ரிசப்ஷன் பெண்ணிடம் போனில் படம் காட்டினேன். "என்னக்கா இது, பெயின்ட் உதிர்ந்த சுவரா?" என்றாள். அவளோடு சரி, வேறு யாருக்கும் காட்டவில்லை. வீட்டுக்காரர் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், அப்படியேதான் இருக்கிறது என்பேன். நாத்தனாருக்கும் அதே பதில்தான். பிழைத்துவிட்டது என்றால் வாளி வந்துவிடுமே.

பச்சை வெள்ளை முழுவதையும் மூடியது. சில்லைத் தாண்டியும் படர்ந்தது. அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

வெளியூர் வேலை முடிந்து வந்தவர் தோளில் பையோடு தொட்டியிடம் குனிந்தார். அடுத்த நிமிடம் போன் காதில்.

"பாப்பா, பொழச்சிருச்சு! ஆரம்பத்துல வெளிச்சத்தைக் குறைச்சேன் பாரு, அதுதான்."

என் துப்பட்டா வெளுத்து இன்னும் அங்கேதான் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அதே வாளியோடு வந்தாள். அவர் கையை விட்டுச் சில்லைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"பாறையோட ஒட்டிருச்சே. மணல்லதானே வச்சிருந்தேன்?"

நத்தையைப் பற்றிச் சொன்னேன். பாறையோடு எடுத்தால் மொத்த அடுக்கும் சரியும், எங்கள் பவளங்களும் போகும். வெட்டலாம், ஆனால் இப்போதுதான் பிழைத்தது, தாங்குமா என்று கட்டரை எடுத்துவைத்துக்கொண்டு கையைப் பிசைந்தார். நாத்தனார் கண்ணாடியில் மூக்கை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"விடுண்ணா. அண்ணிதானே வளர்த்தாங்க. இங்கயே இருக்கட்டும், நான் அப்பப்போ வந்து பாத்துக்கறேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, என் தங்கச்சிக்கு எவ்வளவு பெரிய மனசு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் ஊட்டியவள் நான். ஒரே வாக்கியத்தில் பேரைத் தட்டிக்கொண்டு போகிறாள். அதுவும் என் ஹாலில், அவள் விட்டுக்கொடுத்த பொருளாக அது இருக்குமாம், அவள் வந்து பார்த்துக்கொள்வாளாம்.

"அந்த கட்டரைக் குடுங்க."

"உடைஞ்சிரும்மா."

"உடைக்கத்தான் கேக்கறேன்."

வாங்கி, தண்ணீருக்குள் கையை விட்டேன். சில்லு முடிந்து பாறை தொடங்கும் விளிம்பில் வைத்து அழுத்தினேன். அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. சில்லோடு பெரிய துண்டு கையில் வந்தது, பாறையில் விரல் அகலத்துக்குப் பச்சை மிச்சம். பெரியதை அவள் வாளியில் போட்டேன்.

"எடுத்துட்டுப் போ. உன்னுதுதானே."

நாத்தனார் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அவரைத்தான் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது, அன்று முதல் தடவையாக, என்னை.

இரண்டு நாள் கழித்து போன் அடித்தது. அவர் போன் அல்ல, என்னுடையது.

"அண்ணி, இன்னும் விரியவே இல்ல. பயமா இருக்கு."

எங்கள் துண்டு அன்று காலையே விரிந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"வெட்டினதுல மிரண்டிருக்கும். கை வைக்காத. மோட்டார் தண்ணி நேரா அடிக்குதா பாரு."

"பாப்பாதானே? இங்க குடு" என்று அவர் கையை நீட்டினார்.

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.