சீஷன் பார்த்த பள்ளம்

உபதேசியார் அப்பாதுரைக்குக் கண் தெரியவில்லை என்பது திருவண்ணாமலையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அப்பாதுரை. இன்னொருவர் அவர் மனைவி தங்கம்மாள். மற்றவர்கள் எல்லாரும் அவரைப் பரிசுத்தவான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எழுபதுகளின் கடைசியில், செங்கம் ரோட்டு ஓரத்தில் ஓடு வேய்ந்த சின்ன ஆலயம் அது. ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரை வேதப் புத்தகத்தைப் பிரித்து வைப்பார். வைத்த பிறகு அதை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்க மாட்டார். முகம் கூரையைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். அதிகாரம் அதிகாரமாக வாயிலிருந்து வரும். பரலோகத்தையே நேரில் பார்த்துப் படிக்கிறார் என்று சபையார் உருகினார்கள். கூரையில் ஓர் இடத்தில் ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி பதித்திருந்தது. புரை விழுந்த கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்த ஒரே இடம் அதுதான். விடியற்காலையில் தங்கம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே வசனத்தைப் படிப்பாள். அவர் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வார். மேலுலகத் தொடர்பு அவ்வளவுதான்.

"எங்க ஐயா பொம்பளைங்கள ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு" என்று டீச்சர் சரோஜா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவில் எதிரே யார் வந்தாலும் சாதி, அந்தஸ்து பாராமல் முதலில் கும்பிடுவார். ஒருநாள் மலை சுற்றும் பாதையில் ஒரு கல் நந்திக்கு "ஸ்தோத்திரம், வீட்ல எல்லாரும் சொகமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இந்துக்களிடமும் அவருக்கு மரியாதை கூடிவிட்டது.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்தான் என்ன? சொன்னால் சபை வேறு ஆளை அனுப்பும். குடியிருக்கும் வீடு சபையுடையது. அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இருபது வருஷம் சுமாராகப் பிரசங்கம் செய்தபோது யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கண் போன பிறகுதான் ஊர் அவரைப் பார்க்க ஆரம்பித்தது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சகாதேவன் வந்து சேர்ந்தான்.

சகாதேவன் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவன். நாற்பது வயது, தனிக்கட்டை. அவனுக்கு ஒரு குரு வேண்டும். திருவண்ணாமலையில் அதற்கா பஞ்சம்? முதலில் பேசாத சாமியார் ஒருவரிடம் போனான். அவர் பேசவே இல்லை என்று சலித்துக்கொண்டு அடுத்தவரிடம் போனான். அவர் நிறுத்தவே இல்லை. மூன்றாமவர் வேப்பிலை மட்டும் தின்கிறவர். இவனையும் தின்னச் சொன்னார். நாலாவதாக அப்பாதுரையின் ஆலயத்துக்குள் எட்டிப் பார்த்தான். புத்தகத்தைப் பார்க்காமல் புத்தகம் படிக்கிற மனிதரைக் கண்டதும் கடைசி பெஞ்சிலேயே மண்டியிட்டுவிட்டான்.

"என்ன ஒங்க சீஷனா ஏத்துக்கோங்க ஐயா."

அப்பாதுரைக்கு அதுவரை சீஷன் என்று ஒருவரும் இருந்ததில்லை. குரல் வந்த திசையில் கையை நீட்டி, ஒரு தூணை ஆசீர்வதித்தார். என்ன தாழ்மை என்று சகாதேவன் தானே நகர்ந்து போய்த் தலையைக் கைக்கு அடியில் கொடுத்தான்.

அவன் சீஷத்துவத்தை எடை போடுகிற மாதிரிதான் எடுத்துக்கொண்டான்: அந்தப் பக்கம் எவ்வளவோ இந்தப் பக்கமும் அவ்வளவு. ஐயா தரையைத் தேய்த்துக்கொண்டு நடந்தால் அவனும் தேய்த்தான். ஐயா இமையை இடுக்கினால் அவனும் இடுக்கினான். மண்டியில் கூரையைப் பார்த்துக்கொண்டே எடை போட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினான். விசுவாசத்துக்காகப் பாடுபடுவதாக ஐயாவிடம் வந்து சொன்னான். ஐயாவும் "ஆமென்" என்றார். வேறென்ன சொல்வார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூக்கா சுவிசேஷத்தில் ஆறாம் அதிகாரம் வந்தது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவருமே பள்ளத்தில் விழுவார்கள் என்று இயேசு சொல்கிற இடம். அதை ஒட்டியே, சீஷன் குருவை விடப் பெரியவன் அல்ல என்கிறார். அதற்கும் அடுத்தாற்போல, உன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணிலிருக்கும் துரும்பை எடுக்கப் போகாதே என்கிறார். காலையில் இதைப் படித்துக் காட்டும்போதே தங்கம்மாள் ஒரு மாதிரியாக இருமினாள்.

"இது வேணாங்க. வேற எதனாச்சும் சொல்லுங்க."

"மனப்பாடம் ஆயிடுச்சே" என்றார் அப்பாதுரை.

நன்றாகவே பேசினார். ஊரில் உள்ள பரிசேயர்கள், போலிகள், உத்திரங்கள் எல்லாரையும் ஒரு கை பார்த்தார். பேசி முடித்தபோது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. கடைசி பெஞ்சில் சகாதேவன் அந்த அதிகாரத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டான். சீஷன் குருவை விடப் பெரியவன் அல்ல.

அந்த வாரமே அடி அண்ணாமலையில் பச்சையம்மாள் வீட்டில் ஜெபம். அந்தக் கிராமத்தில் சபைக்கு வருகிற குடும்பம் அது ஒன்றுதான். எப்போதும் தங்கம்மாள் கையைப் பிடித்து அழைத்துப் போவாள். அதைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்ன ஒற்றுமை என்று ஜனங்கள் மெச்சுவார்கள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். சகாதேவன் இருக்கிறானே, அவன் பின்னால் போய்விடலாம் என்று அப்பாதுரை கிளம்பினார்.

"நீ முன்னால நடப்பா."

"ஐயோ, ஐயாவுக்கு முன்னாலயா? நானா?" சகாதேவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"பரவால்ல, நடப்பா."

"சோதிக்காதீங்க ஐயா. நான் பின்னாலதான் வருவேன்."

சீஷன் பின்பற்ற வேண்டும் என்று மேடையில் அடித்துப் பேசியவர் அவர்தான். என்ன செய்ய? முன்னால் நடந்தார். வெயில் சாய்கிற நேரம். எதிர் வெளிச்சத்தில் உலகம் மோர் ஊற்றினாற்போல் வெளுத்துக் கிடந்தது. அடி அண்ணாமலை நெருங்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காகப் பாதையோரம் ஆள் உயரத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அப்பாதுரை கம்பீரமாகக் காலை எடுத்து வைத்தார். காலுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

விழுந்து, வாயிலிருந்து மண்ணைத் துப்புவதற்குள் அவர் பக்கத்தில் இன்னொரு உடம்பு தொப்பென்று வந்து விழுந்தது.

"சகாதேவா?"

"ஐயா." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "காலு ஒடஞ்சிடுச்சி போலக்குது."

"நீ எப்டிப்பா விழுந்த? ஒனக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சிதே. தூரத்துலயே பாத்துட்டேன். மண்ணு குமிச்சி வெச்சிருந்தாங்க."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது? ஏதோ காரணம் இருக்கும்னு இருந்தேன். நீங்க எறங்கனீங்க. நானும் எறங்கனேன்."

அப்பாதுரைக்கு அடிபட்ட இடமெல்லாம் ஒரேயடியாக வலித்தது. கண் நன்றாக இருந்தும், பார்த்தும், ஒருவன் தனக்காகக் குழிக்குள் கால் வைத்திருக்கிறான். மனப்பாடம் செய்த வசனங்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியாதுப்பா" என்றார். "ரெண்டு கண்ணுலயும் பூ வுழுந்து ரெண்டு வருஷமாவுது. புஸ்தகத்துல ஒரு எழுத்தும் தெரியாது. உன் மூஞ்சியே எனக்குத் தெரியாது."

சகாதேவன் வலியையும் மீறிச் சிரித்தான்.

"உவமையாச் சொல்றீங்க. புரியுதுங்க ஐயா."

"உவம இல்லடா, நெஜம்!"

"புரியுதுங்க. நாம எல்லாருமே குருடுதான்."

டீக்கடை வேடியப்பன் சத்தம் கேட்டு ஓடிவந்து, கயிறு போட்டு இருவரையும் மேலே தூக்கினான். சகாதேவனுக்குப் புத்தூர் கட்டு போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரை மேடையில் நின்று புத்தகத்தை மூடினார். "சபையாரே, நான் குருடன்" என்றார்.

"ஆமென்!" என்றது சபை. சரோஜா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொருளாளர் மூர்த்தி, "எவ்ளோ தாழ்ம பாரு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார்.

"நெஜமாவே குருடன். உங்க யாரையும் எனக்குத் தெரியல."

"அல்லேலூயா!"

"கேளுங்கய்யா! நான் உங்கள ஏமாத்திகினு இருந்தேன்!"

இரண்டு பேர் மண்டியிட்டு, தாங்களும் அப்படித்தான் என்று அழ ஆரம்பித்தார்கள். சகாதேவன் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் கை தட்டினான். இந்த ஊரில் பொய் சொல்வது எவ்வளவு சுலபம், உண்மையைச் சொல்வதற்குத்தான் என்ன பாடு என்று அப்பாதுரை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தங்கம்மாள் எழுந்தாள். பேசவில்லை. செருப்பில்லாத காலோடு நடந்து வந்து மேடைக்கு எதிரே, அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். யாரோ வந்து நிற்பது மட்டும் அப்பாதுரைக்கு நிழலாகத் தெரிந்தது.

"யாரு, மூர்த்தியா?" என்றார். "உக்காருங்க மூர்த்தி. ஆராதன இன்னும் முடியல."

பின்னால் ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. அந்த அமைதியில் தங்கம்மாளின் மூக்குறிஞ்சல் கேட்டது. அப்போதுதான் அவருக்கு யாரென்று புரிந்தது.

சபையார் அவர் கண் போனதற்காக வருத்தப்பட்டார்களா என்றால், கொஞ்சம் பட்டார்கள். ஏமாந்ததற்குத்தான் ஜாஸ்தி. சரோஜா டீச்சருக்கு நெஞ்சே உடைந்துவிட்டது. "அப்போ என்ன அவரு பாக்காம இருந்தது பரிசுத்தத்துனால இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் புதுப் புடவைகளை மடித்து வைத்தாள். நந்தி விஷயம் தெரிந்து கடைவீதியில் ஒரு வாரம் சிரித்தார்கள். சகாதேவன் கோலை ஊன்றி எழுந்து, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினவன் திரும்பி வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் ஒன்றில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். வெளியூர் டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார்.

"உபதேசம் பண்ணிகினு இருந்தாரு" என்றாள் தங்கம்மாள்.

புரையை அறுத்து எடுத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப் போட்டார்கள். கட்டுப் பிரித்து, சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டியதும் உலகம் வீங்கிப் போய் முகத்தில் வந்து மோதியது. முதலில் தெரிந்தது தங்கம்மாள். அப்பாதுரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு எப்ப இவ்ளோ நரைச்சிது?"

"நீங்க பரிசுத்தவானா இருந்தப்ப" என்றாள்.

கண் வந்த பிறகு பரிசுத்தம் வேகமாகக் குறைந்தது. மூர்த்தி பிரசங்கத்தின்போது தூங்குவது தெரிந்தது. ஜெபத்தின் நடுவே யார் யார் கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. அதைப் பார்ப்பதற்கு அவரும் கண்ணைத் திறந்திருந்தார். புத்தகத்தைப் பார்த்துப் படித்தபோது திக்கினார். கூட்டம் பாதியானது. சபை மட்டும் அவரை அனுப்பவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஒருநாள் கீழ்பென்னாத்தூருக்குப் போனார். மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த குள்ளமான மனிதனிடம், "இங்க சகாதேவன்னு..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றான் அவன். இத்தனை நாளும் அவர் மனசுக்குள் சகாதேவன் நெட்டையாக, மீசையோடு இருந்தான்.

"காலு எப்டிப்பா கீது?"

"நடக்குது." அவர் முகத்தைப் பார்க்காமல் மூட்டையைத் தள்ளினான். "காலுக்காக நான் வருத்தப்படலீங்க. நீங்க ஏமாத்தினதுக்குக்கூட இல்ல. பள்ளத்துல வுழுந்து, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு பச்சையா சொன்னீங்க. நான் நம்பல. பள்ளத்தப் பாத்தேன், அதையும் நம்பல. அப்ப எனக்கு இருக்கறது இன்னா கண்ணு? சொல்லுங்க."

அப்பாதுரை மூட்டைமேல் உட்கார்ந்தார். சகாதேவன் ஒரு பிடி மல்லாட்டையை அவர் கையில் வைத்தான். இருவரும் தோலை உரித்துத் தின்றார்கள். பஸ் நேரம் ஆனபோது, "ஞாயித்துக்கெழம வருவியா?" என்று கேட்டார்.

"பாக்கலாங்க" என்றான்.

சில ஞாயிறுகள் வந்தான். சில ஞாயிறுகள் வரவில்லை. வந்தால் பிரசங்கம் முடிந்ததும் நேரே மேடைக்கு வந்து, "நீங்க சொன்னதுல எனக்கு ஒண்ணு ஒத்துவரல" என்று ஆரம்பிப்பான். சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடமாட்டான். அப்பாதுரைக்கு அவன்மேல் எரிச்சல் எரிச்சலாக வரும். அவன் வராத வாரங்களில், பாட்டு முடிந்த பிறகும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்தபடி, பிரசங்கத்தை ஆரம்பிக்காமல் நின்றுகொண்டிருப்பார்.