நாலாவது மணி நேர ரத்தம்

செவ்வாய்க்கிழமை காலையில் வாய் வழியாகக் குழாய் விட்டு, என் பித்தநாளத்தில் அடைத்துக்கொண்டிருந்த கல்லை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை சரவணம்பட்டி மண்டபத்தில் என் தம்பி தீபக்குக்குக் கல்யாணம். அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை சாயங்காலம் இணைச்சீர். கூறைச்சேலையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளை பிடிக்க, மறு தலைப்பைக் கூடப்பிறந்தவள் பிடிக்க வேண்டும். அம்மா போனபின் அவனுக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். இங்கேயே தங்கிவிட்டால் சித்தப்பா மகள் அந்தத் தலைப்பைப் பிடிப்பாளாம், நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து போனில் பார்ப்பேனாம். நடக்கிற காரியமா?

கல் எடுத்த இரண்டாவது மணி நேரத்தில் மேல்வயிற்றில் வலி பிடித்து முதுகுவரை போனது. டாக்டர் கிருபாசங்கர் வந்தார்.

"வலி எப்படீங்க பொற்கொடியம்மா? பத்துக்கு எத்தனை சொல்லுவீங்க?"

"ஒண்ணுமே இல்லீங்க. உங்க புண்ணியத்துல சௌக்கியமா இருக்கறனுங்க."

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு, நம் வேதனையை எதிராளியிடம் சொல்வதே மரியாதைக் குறைவு. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். என் வீட்டுக்காரர் பாலுசாமி வேறு, "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க, காப்பி வேணும்னு கேட்டுட்டே இருக்கறாளுங்க" என்று எடுத்துக்கொடுத்தார். மகராசன்!

நாலு மணி நேரம் ஆனதும், ஷ்ரவ்யா என்ற பெண் ரத்தம் எடுக்க வந்தாள்.

"என்னத்துக்கு அம்மணி? அதான் நல்லா இருக்கறனே?"

"குழாய் விட்டவங்கள்ல சில பேருக்குக் கணையம் வீங்கிக்கும்ங்கக்கா. அப்படி ஆகப்போகுதுன்னா ரத்தத்துல அமைலேஸ், லைபேஸ்னு கணையத்துச் சுரப்பு ரெண்டும் முன்னாடியே ஏறுமுங்க. இப்பப் பார்த்தாத் தெரிஞ்சுபோகும்."

எனக்குத் திக்கென்றது. வாயை அடக்கலாம், ரத்தத்தை என்ன செய்வது?

முடிவு வந்தது. இருக்க வேண்டியதைவிட எட்டு மடங்கு. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நெஜமா ஒண்ணுமில்லீங்களா?"

பொலபொலவென்று அழுதுவிட்டேன். "ஏழுங்க. மத்தியானத்துல இருந்துங்க."

பாலுசாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டர் திட்டவில்லை. "இப்படியே ஊட்டுக்குப் போய்க் காப்பியைக் குடிச்சுப்போட்டு, நாளைக்கு ஐசியூவுக்கு வந்திருப்பீங்க. நல்லவேளை, சீக்கிரம் பிடிச்சுட்டோம். வியாழக்கிழமைச் சீரைப் பத்தி அப்புறம் பார்க்கலாங்க."

அப்புறம் கை நரம்பில் ஒரே டிரிப்தான். சோறும் இல்லை, தண்ணியும் இல்லை. என்னைக் காட்டிக்கொடுத்த ரத்தத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஆனால் புதன்கிழமை அளவு பாதியாக இறங்கிவிட்டது என்று ஷ்ரவ்யா ஓடிவந்து சொன்னபோது, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அளவு கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. டாக்டர் கட்டிலருகே நின்றார்.

"ரத்தம் சொல்லிருச்சுங்க. இப்ப நீங்க சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?"

பூஜ்யம் என்றால் போகலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாலுசாமி வாயைத் திறந்தார். ஒரு முறை முறைத்தேன், மூடிக்கொண்டார்.

"ரெண்டுங்க. குனிஞ்சா மூணு."

இணைச்சீர் போனதென்றே நினைத்தேன். டாக்டர் சிரித்தார்.

"பூஜ்யம்னு சொல்லியிருந்தா நம்பி அனுப்பியிருக்க மாட்டேனுங்க. சீருக்கு மட்டும் போயிட்டு நேரா இங்க வந்துருங்க. பந்தியில உட்காரவே கூடாது. வலி ஏறுச்சுன்னா அந்த நிமிஷமே சொல்லோணும்."

மண்டபத்தில், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரியோடு தம்பி பக்கத்தில் போய் நின்றேன். சேலையை மடித்து ஆளுக்கொரு தலைப்பாகக் கொடுத்தார்கள். தீபக் என் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, வலிக்குதா?"

ஒண்ணுமில்லடா கண்ணு என்பது தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

"வலிக்குதுடா. கொஞ்சம்."

அவ்வளவுதான். மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி மாப்பிள்ளை கத்தினான்: "ஏனுங்க, எங்கக்காவுக்கு ஒரு சேர் கொண்டாங்க!"

மூன்று பேர் மூன்று நாற்காலி கொண்டுவந்தார்கள். ஒன்றில் உட்கார்ந்து என் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறு தலைப்பை அவனும் விடவில்லை.