வீட்டை மறக்கும் முறை

கீழச்சுனையில் வீட்டை விற்க நினைப்பவர்கள் முதலில் அதை மறக்க வேண்டும். சுண்ணாம்பு அடிப்பது, ஒழுகும் குழாயை மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். சொந்தக்காரர் மறக்காத வீடு எளிதில் விலைபோகாது. போனாலும், குடிவந்தவர்களுக்கு அது பிடிபடாது. படுக்கப் போவதாக நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் குளியலறையில் போய் நின்றுகொண்டிருப்பார்கள்.

வீடு மறந்துவிட்டதா என்று பார்ப்பதும் எளிதுதான். பட்டப்பகலில் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, இருட்டில் அடுப்படிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவரும்படி வீட்டுக்காரரிடம் சொல்வார்கள். எதிலும் இடித்துக்கொள்ளாமல் அவர் திரும்பி வந்தால் வீடு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே நல்ல அடியோடு வந்தால் தரகர் கைகுலுக்குவார். அந்த ஊரில் யாராவது நொண்டிக்கொண்டு மளிகைக் கடைக்கு வந்தால், "என்ன, வீடு முடிஞ்சிருச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

சியாமளாவுக்கும் தணிகாசலத்துக்கும் வீட்டை விற்றே ஆக வேண்டியிருந்தது. தணிகாசலத்துக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. குளிக்கிற இடமோ மாடியில் இருந்தது. ஓசூரில் மகள் பூங்கோதை தன் வீட்டுத் தரைத்தளத்தில் அவர்களுக்கென்று ஓர் அறையை ஒழித்துவைத்திருந்தாள். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு சீக்கிரம் வந்துரும்மா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சியாமளாவுக்கு வீட்டின் மேல் பெரிய பற்று இல்லை. மனிதரைப் பத்திரமாகக் கொண்டுபோய் அந்த அறையில் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தரகர் ஞானதிரவியம் வந்து, காபி குடித்துவிட்டு, செய்ய வேண்டியதைச் சொன்னார்.

"படத்தையெல்லாம் கழட்டிருங்க. கழட்டின இடம் சுவத்துல வெளுப்பாத் தெரியும், அதையும் பாக்காதீய. எந்த ரூமையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. 'அந்தப் பக்கம்'னு சொன்னாப் போதும். மேசை நாற்காலியைத் தினம் கொஞ்சம் நவுத்திப் போடுங்க. வெளிய போயிட்டு வந்தா பெல் அடிக்கணும். உள்ள இருக்கவுக 'வாங்க'ன்னு சொன்ன பெறவுதான் வரணும்."

"ரெண்டு பேருமே வெளிய போயிருந்தா யாரு அண்ணாச்சி சொல்லுவா?" என்று கேட்டாள் சியாமளா.

"கொஞ்சம் நில்லுங்க. யாராவது சொல்லுவாவ."

அது உண்மைதான். இருவரும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து மணியை அடித்துக் காத்திருந்தபோது, பூட்டிய கதவுக்கு உள்ளிருந்து "வாங்க" என்றது ஒரு குரல். பூட்டைத் திறந்து, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

தணிகாசலம் மறப்பதில் கெட்டிக்காரராக இருந்தார். சீக்கிரமே நாற்காலியின் நுனியில் உட்காரப் பழகிவிட்டார். மாடிப்படி எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு குளிக்கப் போனார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் கன்றிப் போயிருந்தது. ஞானதிரவியம் வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு, "பாஸு! அண்ணாச்சி, நீங்க பள்ளிக்கூடத்துல இப்படிப் படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பீய" என்றார்.

சியாமளாவுக்குத்தான் வரவில்லை. அடுப்படியில் எந்த அலமாரிப் பலகையில் எது இருக்கிறது என்று கைக்கு முன்கூட்டியே தெரிந்தது. இருட்டில் அனுப்பினால், மேசையை வளைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் சிந்தாமல் திரும்பி வந்தாள். வேண்டுமென்றே ஒருமுறை இடித்துக்கொண்டும் பார்த்தாள்.

"இது தோளுல்லா. வேணும்னு இடிக்கவுக தோளைத்தான் குடுப்பாவ" என்று சொல்லிவிட்டார் ஞானதிரவியம்.

ஒரு காலையில் தணிகாசலம் அடுப்படி வாசலுக்கு வெளியே வந்து நின்றார். மற்ற நாட்களில், "ஏட்டி, தண்ணி" என்று கூடத்திலிருந்தே குரல் வரும். அன்று அவர் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். சியாமளா கொடுத்தாள். தம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டு, "ரொம்ப உபகாரம்" என்று சொல்லிப் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

சியாமளா தரகரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"சில பேருக்கு அப்படி ஆகும்" என்றார் ஞானதிரவியம். "வீடு எங்க முடியுது, ஆளுக எங்க ஆரம்பிக்காவன்னு நடுவுல ஒரு கோடு போட்டுக்கிடணும். அண்ணாச்சி போடல."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா யாரு விப்பா?"

"இவரு மறந்ததெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"இங்கதான் இருக்கும். வீட்டோட போகும். மோட்டாரு, தண்ணித் தொட்டி மூடி மாதிரி."

அன்று மத்தியானம் சியாமளா தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். கூடவே இஞ்சித் துவையலும் அரைத்தாள். கல்யாணமான புதிதிலிருந்தே அவருக்கு உயிர் அது. தணிகாசலம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கும்மா. எங்க வீட்டுலயும் இதே கைப்பக்குவந்தான்."

"உங்க வீடு எங்க இருக்கு?"

அவர் இலையை மடித்தார். "போனாத் தெரிஞ்சிரும்" என்றார்.

"நான் ஓசூருக்குப் போறேன். கூட வாரீகளா? அங்க படி ஏறவே வேண்டாம்."

"நல்லா இருக்கே! முன்னப் பின்னத் தெரியாத ஒரு அம்மாகூட நான் எப்படி வெளியூர் வருவேன்? பாக்கிறவுக என்ன நினைப்பாவ?" என்று எழுந்து கை கழுவப் போனார். கை கழுவுகிற இடம் தெரியாமல் கதவில் முட்டிக்கொண்டார்.

சியாமளா யோசித்தாள். அவர் பிடிவாதக்காரர், ஆனால் இளகிய மனசு. தானும் வீட்டை மறந்துவிட்டால், இருவருமே போக்கிடம் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். போக்கிடம் இல்லாத ஒரு பெண்ணை பஸ் ஸ்டாண்டில் தனியாக விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வராது. அதனால் அவள் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு முழுவதையும் வைத்தாள். இந்தப் பக்கம் அவரை மட்டும் வைத்தாள். ஒரு பலகையை மறக்கும்போதெல்லாம் 'தணிகாசலம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அடுப்படி போனது. கொல்லைப்புறம் போனது. கடைசியாக, பூங்கோதை தவழ்ந்த கூடமும் போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

வாங்குகிறவர்கள் தென்காசியிலிருந்து வந்தார்கள். உமையொருபாகம், அவர் மனைவி கோமதி. அங்கே தங்கள் வீட்டை அப்போதுதான் விற்று முடித்திருந்தார்கள். கோமதி முன்னால் வந்தாள். உமையொருபாகம் நாலு அடி பின்னால், பஸ்ஸில் உடன் வந்த யாரோ போல, நொண்டிக்கொண்டு வந்தார்.

ஞானதிரவியம் ஜன்னல்களைச் சாத்தினார். சியாமளா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். மூன்றாவது அடியில் ஏதோ ஒரு மரச்சாமான் முழங்காலுக்குக் கீழே நங்கென்று இடித்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"முடிஞ்சுது!" என்றார் ஞானதிரவியம்.

அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியாமல் சியாமளா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளைக் கடந்து புடவையின் சரசரப்பு ஒன்று போயிற்று. கோமதி. அவள் எதையும் தொடவில்லை, எதிலும் இடிக்கவில்லை. எங்கேயோ ஒரு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்தபோது கோமதி ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரையுமாகத் தணிகாசலத்தின் முன்னால் நின்றாள்.

"ஏங்க, காலைல மாத்திரை போட்டீகளா?"

"போடலட்டி" என்றார் தணிகாசலம். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தம்ளரை வாய் வைத்துக் குடித்தார். பிறகு நிமிர்ந்து சியாமளாவைப் பார்த்து, "யாரு, விருந்தாளியா? அவுகளுக்கும் ஏதாவது குடுட்டி" என்றார்.

"இல்லங்க, அவுக கிளம்பிட்டாவ" என்றாள் கோமதி.

சியாமளா வாசலுக்கு வந்தாள். தெருவில் ஆட்டோ நின்றிருந்தது. அவளுடைய பெட்டி அதில் ஏற்றப்பட்டிருந்தது. உமையொருபாகம் பக்கத்தில் நின்று, ஓரமாக இடம் விட்டு, "ஓசூருக்குத்தானே?" என்று கேட்டார்.

"ஆமா."

"நீங்க உள்பக்கமா உக்காருங்க. காத்து அடிச்சா உங்களுக்குத் தலை வலிக்கும்."

அது சரிதான். சியாமளா உள்பக்கம் உட்கார்ந்தாள். இரவெல்லாம் பஸ்ஸில் அவர் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவள் மனதுக்குள் 'தணிகாசலம்' என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவை வாய்விட்டும் சொன்னாள். "சொல்லு" என்றார் உமையொருபாகம்.

பூங்கோதை கதவைத் திறந்து, அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வாங்கப்பா. மெலிஞ்சு போயிட்டீங்களே! மூச்சு வாங்குதா?"

"இங்கதான் படியே இல்லையேம்மா" என்றார் அவர்.

பூங்கோதை அவருக்குச் சர்க்கரை இல்லாமல் காபி கலந்து கொண்டுவந்தாள். அவர் அதை வாங்காமல் சியாமளா பக்கம் கையைக் காட்டினார்.

"மொதல்ல உங்க அம்மாவுக்குக் குடு. வழியெல்லாம் ஒண்ணுமே சாப்பிடல."