பட்டியலில் விட்டுப்போன அறை

விடுதியின் வரைபடத்தை என்ஜினியரம்மா சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்தார். முப்பது மாணவிகள் தங்கும் எங்கள் கத்தோலிக்க விடுதி அறுபது பேருக்கு ஆகப்போகிறது. சிற்றாலயமும் பெரிதாகிறது, வெளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் வந்து ஜெபிக்க, பேச, கூடி உட்கார ஒரு பணிமையமும் வருகிறது. எனக்கு வாயெல்லாம் பல். பத்தொன்பது வருட வார்டன் நான். ஐம்பத்தாறு வயதிலும் பிள்ளைகளுக்கு அக்காதான். ஆன்ட்டி என்று கூப்பிட்டவளுக்கு ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டேன்.

சிற்றாலயப் பீடத்துக்கு நேர் மேலே கழிப்பறை வருகிறதா என்று முதலில் பார்த்தேன். வரவில்லை. துடைப்பம் வைக்கும் மூலை வரை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். எல்லாம் இருந்தது, என் அறையைத் தவிர. படிக்கட்டை ஒட்டி அது இருந்த இடத்தில் ‘ஆலோசனை அறை’ என்று போட்டிருந்தது.

இதைவிட்டால் எனக்குத் தம்பி வீடுதான். தம்பி நல்லவன், ஆனால் அங்கே எனக்குப் படுக்கை கூடத்துச் சோபா. போ என்பதை வாயால் சொல்லக் கூடாதா, படம் போட்டா சொல்வார்கள்?

மூன்று நாள், விடுதியின் இயக்குநரான ஃபாதரிடம் ‘ம்’, ‘சரி’ தவிர எதுவும் பேசவில்லை. அவரும் என்னைக் கண்டால் எதையோ சொல்ல வந்து விழுங்கிவிட்டுப் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலைப் பூசை முடிந்ததும் பொறுக்க முடியவில்லை. என்ஜினியரம்மா அளவு நாடாவோடு நிற்பதைக்கூடப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

“என்னை அனுப்பறதுன்னா நேரா சொல்லியிருக்கலாமே, ஃபாதர்?”

அவர் திகைத்துப் போனார். “நான் அனுப்பறேனா? நீங்கதானே தம்பி வீட்டோட போயிடலாம்னு இருக்கீங்க? கேட்டா அழுதுடுவீங்களோன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.”

“அப்படின்னு யார் சொன்னா?”

“உங்க பட்டியல்தான்.”

என்ஜினியரம்மா பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். புதுக் கட்டடத்தில் என்னென்ன அறை வேண்டும் என்று நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தனி அறை, பூசை உடுப்புகளுக்கு அலமாரி, ஈரக் குடைக்கு ஓர் இடம் என்று நாற்பது எண்கள். வார்டன் அறை ஒன்றிலும் இல்லை. கையெழுத்து என்னுடையதுதான்.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. வெட்கத்தில் சிரித்தேன், சிரிப்போடு அழுகையும் வந்தது.

“மறந்துட்டேன் ஃபாதர்.”

“உங்களையேவா?”

என்ஜினியரம்மாவும் சிரித்துவிட்டார். “மேல் மாடியில அமைதியா ஒரு மூலை இருக்கு. அங்க போட்டுடவா?”

“வேணாம்மா, படிக்கட்டுப் பக்கமே போடுங்க. ஏறி வர்ற சத்தத்துலயே யாரு பரீட்சையில கோட்டை விட்டான்னு எனக்குத் தெரிஞ்சுடும்.”

“ஆலோசனை அறைய மேல கொண்டு போங்க,” என்றார் ஃபாதர். “பிள்ளைங்க எப்படியும் இவங்ககிட்டதான் வரும்.”

“உள்ள என்னென்ன வேணும்?” என்று கேட்டார் என்ஜினியரம்மா.

பென்சிலை வாங்கி, நாற்பத்தொன்று என்று போட்டு எழுதினேன்: வார்டன் அறை. ஒரு கட்டில். அழ வரும் பிள்ளைக்கு ஒரு நாற்காலி.

ஃபாதர் எட்டிப் பார்த்துப் பென்சிலைப் பிடுங்கினார். நாற்காலிக்கு முன்னால் இருந்த ‘ஒரு’ என்பதை அடித்து ‘இரண்டு’ என்று திருத்தினார்.

“எங்கம்மா தவறினப்போ நானும் உங்க அறைக்குதான் வந்தேன்,” என்றார். “நாற்காலியில ஒரு பிள்ளை உக்காந்திருந்துச்சு. நான் நின்னுக்கிட்டே அழுதேன்.”