அத்தான் தூங்கவில்லை

வார இதழின் கடைசிக்கு முந்தின பக்கத்தில் ‘ஞாயிறு எங்கே?’ என்று ஒரு பத்தி வரும். எழுதுகிறவளுக்கு ஊர்சுற்றி என்ற புனைபெயரே நிலைத்துப்போய், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். பேருந்தில் இடப்பக்கம் உட்காருங்கள், ஏரி தெரியும். மான்கள் தண்ணீருக்கு வரும் மேட்டுக்கு அத்தர் பூசிக்கொண்டு போய் அவற்றை விரட்டாதீர்கள். வெறும் வயிற்றில் ஒயின் குடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள் என்றெல்லாம் உரிமையோடு எழுதுவாள்.

இதையெல்லாம் ஜனங்கள் பிறகுதான் படிப்பார்கள். முதலில் கண் போவது கடைசி வரிக்கு. ‘அத்தான் தூங்கினார்’ என்றிருந்தால் கூடையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடலாம். ‘அத்தான் தூங்கவில்லை’ என்றால் வீட்டிலேயே இருந்து அழுக்குத் துணியைத் துவைக்கலாம்.

அத்தான் என்பவர் அவளுடைய அக்காவின் கணவர். ரொட்டிக்கடை அடுப்படியில் வேலை. ஊர் கண்விழிக்கும் முன்பே அரை மூட்டை மாவைப் பிசைந்து முடித்திருப்பார். அதனால் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகும். ஆனால் கண்ட இடத்தில் தூங்குகிற ஆள் அல்ல. பாட்டுப்பெட்டி அலறினால் தூங்கமாட்டார். பரிமாறுகிறவன் சிடுசிடுத்தால் தூங்கமாட்டார். குரங்கைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தால் எழுந்தே போய்விடுவார். மனசுக்கு நிம்மதியான இடமென்றால் மட்டும் உட்கார்ந்த கையோடு குறட்டை. பத்தியின் தலைப்புக்குப் பக்கத்திலும் அவர் படம்தான்: புதர் மீசை, மூக்குவரை சரிந்த கட்டம் போட்ட தொப்பி, பிளந்த வாய்.

“என் புருஷனை ஊரறிஞ்ச சோம்பேறி ஆக்கிட்டியேடி,” என்று அக்கா அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வைப்பாள்.

ஒருநாள் இதழின் ஆசிரியர் ஊர்சுற்றியைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் ஒரு ஒயின் பாட்டில், கழுத்தில் ரிப்பனோடு.

“மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டம் இருக்குல்ல? இனிமே வருஷம் பூரா பின்பக்கம் அவங்க விளம்பரம்தான். போய்ப் பார்த்துட்டு எழுதுங்க. அத்தானையும் மறக்காம கூட்டிட்டுப் போங்க.”

“கூட்டிட்டுப் போறேன் சார். தூங்குறதும் தூங்காததும் அவர் இஷ்டம்.”

“தூங்குவாரு, தூங்குவாரு,” என்று ஆசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அக்காவையும் சேர்த்து மூவரும் பேருந்து பிடித்துப் போனார்கள். தோட்டத்து முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்றார். உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல இடம்தான். நிலவறையின் குளுமையில் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. ரொட்டி அன்றைக்குச் சுட்டது என்று அத்தான் அழுத்திப் பார்த்தே சொல்லிவிட்டார். தேவலோகத்திலிருந்து சாப்பாடு வந்தாலும் நொட்டை சொல்லும் அக்கா, வறுத்த மீனை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

ஏரிக்கரையில் மரத்தடியில் ஒரு கட்டில். அதன்மேல் மெத்தை, தலையணை, போர்வை. பக்கத்தில் ஒரு புகைப்படக்காரர் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குன்னே போட்டது சார்,” என்றார் முதலாளி.

அத்தான் உட்கார்ந்தார். ஏரிக்காற்று, உள்ளே போன ஒயின், முதுகுக்கு மெத்தை. தொப்பி மெல்ல மெல்ல மூக்குக்கு இறங்கியது. புகைப்படக்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று சைரன் அலறியது. கரையிலிருந்த பெரிய விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏரி நடுவே இருந்த திட்டின்மேல் பாய்ந்தன. திட்டு முழுக்கக் கொக்குக் கூடுகள். இருந்த கொக்கெல்லாம் பதறியடித்துக்கொண்டு வானத்துக்குக் கிளம்பின. கோப்பையும் கையுமாக சாப்பாட்டுக்கூடத்து மேல்தளத்தில் நின்ற விருந்தாளிகள் ஆரவாரம் செய்தார்கள்.

ஊர்சுற்றி தொலைநோக்கியை எடுத்தாள். கூடுகளில் இறகு முளைக்காத குஞ்சுகள். தாய்கள் வெளிச்சத்தில் இறங்கத் தெரியாமல் மேலே சுற்றித் தவித்தன. காக்கைகளுக்கு அது போதாதா? ஒன்று நிதானமாகக் கூட்டில் இறங்கி, ஒரு குஞ்சைக் கொத்திக்கொண்டு போனது.

“குஞ்சு இருக்குங்க அங்க! காக்கா தூக்கிட்டுப் போகுது!”

“அதெல்லாம் பழகிடுச்சும்மா அதுங்களுக்கு,” என்றார் முதலாளி. “ஜனங்க இதைப் பார்க்கத்தானே வர்றாங்க. ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு தடவை போடுவோம்.”

சைரனுக்கே அத்தான் துள்ளி எழுந்திருந்தார். தொலைநோக்கியைக் கேட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதன்பிறகு நடந்ததுதான் கூத்து. விளக்குகளை அணைத்தார்கள். சைரனை நிறுத்தினார்கள். முதலாளி இன்னொரு கோப்பை நீட்டினார். அத்தான் வேண்டாமென்று தலையாட்டினார். ஒரு ஆள் நின்று விசிறினான். அடுப்படியில் வெந்துவிட்டு வந்த மனுஷன், கண்ணெல்லாம் சிவந்து, தொடையைக் கிள்ளிக் கிள்ளி, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்.

“தூக்கம் வரலையா சார்?”

“வருதுங்க. கண்ணைக் கட்டுது. ஆனா இங்க தூங்கமாட்டேன்.”

புகைப்படக்காரர் காமிராவை உறைக்குள் போட்டார்.

ஊர்சுற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள். மீனைப் புகழ்ந்தாள், சிவப்பு ஒயினைப் புகழ்ந்தாள். பகலில் போய்விட்டுப் பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள், அங்கே மாலையில் கைதட்டுவது குஞ்சுகளின் சாவுக்கு என்று எழுதினாள். கடைசி வரி: அத்தான் தூங்கவில்லை.

“குஞ்சு விஷயத்தை எடுத்துடலாம்,” என்றார் ஆசிரியர். “கடைசி வரியில ஒரு வார்த்தையை மாத்திடலாம். என்ன வந்துடப் போகுது?”

“அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சார் ஜனங்க பஸ் ஏறுறாங்க.”

“அவர் தூங்கினாரா இல்லையான்னு யாரும்மா வந்து பார்க்கப்போறாங்க?”

“மாத்தினா இனிமே நான் எழுதமாட்டேன்.”

“ஊர்சுற்றின்னு யார் வேணும்னாலும் எழுதலாம்,” என்று அவர் காகிதத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார்.

இதழ் வந்தது. மாலையில் வானம் நிறையும் வெள்ளைச் சிறகுகளைக் காணத் தவறாதீர்கள் என்றிருந்தது. அத்தான் தூங்கினார் என்றும் இருந்தது. ஊர்சுற்றி அதை இரண்டு முறை படித்தாள். தன் பெயரைச் சொல்லித்தான் கூட்டம் போகும். தன் பெயரைச் சொல்லித்தான் குஞ்சுகள் சாகும்.

“விழிச்சிருந்த மனுஷனைத் தூங்கினார்னு போட்டிருக்கானே, அவன் கையில கட்டி முளைக்க!” என்று அக்கா இதழைச் சுருட்டி எறிந்தாள்.

அத்தான் எழுந்தார். பரண்மேல் ஏறி மடக்கு நாற்காலியை இறக்கித் தூசி தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படி வேலை முடிந்த கையோடு, திராட்சைத் தோட்டத்து வாசலுக்கு எதிரே, சாலையோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதே கட்டம் போட்ட தொப்பி, அதே புதர் மீசை. கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன. பேருந்திலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

“நீங்கதானே அந்த அத்தான்?”

“ஆமாங்க. நான் தூங்கலைங்க.”

“பேப்பர்ல போட்டிருக்கே?”

“பேப்பர்ல போட்டிருக்கு. நான் தூங்கலை.”

ஏன் என்று கேட்டவர்களுக்கு ஊர்சுற்றி சொன்னாள். தொலைநோக்கியைக் கொடுத்துக் கூடுகளைக் காட்டினாள். அக்கா தன் பங்குக்கு, “மீன் நல்லாத்தான் இருக்கும், சாப்பிடுங்க. விளக்கைப் போட மட்டும் விடாதீங்க,” என்று அனுப்பிவைத்தாள்.

முதலாளி மூச்சிரைக்க வந்தார். “வாசல்ல உட்கார்ந்து வியாபாரத்தைக் கெடுக்கறீங்களே, நியாயமா?”

“ரோடு எல்லாருக்கும் பொதுதானுங்களே,” என்றார் அத்தான். குரல் தூக்கத்தில் குழறியது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

பொழுது சாய்ந்தது. விளக்குப் போடும் ஆள் சுவிட்சுகள் இருந்த அறைப் பக்கம் போனான். மேல்தளத்திலிருந்து ஒரு பெண் இறங்கிப் போய் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். பிறகு அவள் வீட்டுக்காரர். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பத்திருபது பேர். யாரும் கத்தவில்லை, நகரவும் இல்லை. கொக்குகள் கூட்டம் கூட்டமாக வந்து, அவர்கள் தலைக்குமேலே தாழப் பறந்து, திட்டில் இறங்கின.

முதலாளி மறுபடி சாலைக்கு வந்தார். புகைப்படக்காரரும் பின்னாலேயே வந்தார்.

“இன்னிக்குத்தான் விளக்குப் போடலையே. இப்பவாவது கொஞ்சம் கண்ணை மூடுங்க சார்.”

“இன்னிக்கு மட்டுமா? என்னைக்குமேவா?”

முதலாளி புகைப்படக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமையும் நாற்காலியோட வர்றேன்,” என்று அத்தான் எழுந்தார். கால் தள்ளாடியது. அக்கா தோளைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் பேருந்து நிறையக் கூட்டம். அத்தானுக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்கள். முதல் வளைவு திரும்புமுன்பே தொப்பி மூக்குக்கு இறங்கி, வாய் பிளந்து, பேருந்தே அதிரும்படி குறட்டை எழுந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தானாகவே பாட்டை நிறுத்தினார். சுவிட்சு அறைக் கதவை முதலில் மறித்து நின்ற அந்தப் பெண் ஊர்சுற்றியிடம் குனிந்து கிசுகிசுத்தாள்:

“இனிமே பேப்பரை நம்பமாட்டோம். நீங்களே சொல்லுங்க, நல்ல இடம் வேற எங்க இருக்கு?”

ஊர்சுற்றி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். எந்த ஆசிரியரும் கைவைக்க முடியாத பத்தியை, அத்தான் விழித்துவிடாதபடி தாழ்ந்த குரலில், பேருந்து முழுவதற்கும் சொல்ல ஆரம்பித்தாள்.