முனியாண்டிக்குப் படைத்த ஈரல்

சவப்பெட்டியை மூடப்போகிற நேரத்தில் தேவன் மாமா மடியிலிருந்து பிராந்திப் போத்தலை எடுத்தார். செத்தவருக்குப் பிடித்ததைத் தலைமாட்டில் வைத்து அனுப்புவது லிங்கி எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வழக்கம். ரோகினி குறுக்கே போய் நின்றாள்.

"அப்பாவுக்கு அது வேணாம் மாமா."

"படிச்ச திமிர இங்க காட்டாத லா. உங்கப்பன் குடிச்சது எனக்குத் தெரியாதா? நாந்தானே ஊத்திக் குடுத்தேன்."

"தைப்பூசத்தோட விட்டுட்டாரு. முனியாண்டி முன்னால சத்தியம் பண்ணாரு."

"விட்டவனுக்கு எப்படி லா மஞ்சக்காமாலை வரும்?"

இந்தக் கேள்விதான் அப்பா சன்னாசியைச் சாகடித்தது. கண் மஞ்சளித்த அன்றே, மறுபடி குடித்திருக்கிறான் என்று தோட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மனைவி தாயம்மாவும் நம்பினாள். கீழாநெல்லியை அரைத்து, புருசன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். "சத்தியத்த மீறுன வாயி, அழுகட்டும்" என்றாள். டாக்டரும் குடிகாரன் என்று சொன்னால் மானம் போகும் என்று ஆஸ்பத்திரிக்கும் அனுப்பவில்லை. கோலாலம்பூரிலிருந்து ரோகினி ஓடிவந்து தூக்கிப் போனபோது, மகளை யாரென்று கேட்டார் அப்பா.

ரத்தத்தில் இருந்தது ஹெப்படைட்டிஸ் ஈ என்ற ஈரல் கிருமி. காட்டுப்பன்றி ஈரல் தின்றாரா என்று டாக்டர் கேட்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"செம்பனைத் தோப்புக்குள்ள காட்டுப்பன்னிய சுட்டது யாரு மாமா?"

"நாந்தான்."

"ஈரலை அனல்ல காட்டி, முனியாண்டிக்குப் படைச்சு, அரைவேக்காடா பங்கு வச்சது?"

"அது காலங்காலமா செய்யறது லா. குடிக்கத்தான் மாட்ட, சாமி பங்கையாச்சும் தின்னுடான்னு நாந்தான் ஊட்டுனேன். நானும் தின்னேனே, நல்லாத்தானே நிக்கறேன்?"

"உங்க ஈரல் தாங்குச்சு. அவரு ஈரல் பழைய குடியில நொந்து கெடந்துச்சு, தாங்கல. அந்த ஈரல்ல இருந்த கிருமிதான் மாமா. அவரு ஒரு சொட்டும் தொடல."

மாமா போத்தலை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

மூலையில் கிடந்த தாயம்மா தலையைத் தூக்கினாள். "குடிக்கலையா?"

"குடிக்கலம்மா."

"அப்ப நான் ஏசுனதெல்லாம்..."

அவருக்கு நினைவு தப்பியிருந்தது, காதில் விழுந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் 'அழுகட்டும்' என்றே அவர் முனகியதைக் கேட்டிருந்த ரோகினிக்குப் பொய் வரவில்லை.

"கேட்டுக்கிட்டுத்தாம்மா படுத்திருந்தாரு."

தாயம்மா எழுந்து வந்தாள். பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, புருசன் காதருகே குனிந்தாள்.

"நீங்க குடிக்கல," என்றாள், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "எம்புருசன் குடிக்கல."

பிறகு நிமிர்ந்து, "மூடுங்க" என்றாள்.